எட்டரை மணி மழை

பெரியகுளம்,
14-7-1957, ஞாயிறு, காலை மணி 8-30.
நீங்கள் மலையேறி இன்றோடு 11 நாள். எனக்கு வந்த அளவுச் சீட்டு 4. வராதது 7.

அன்புள்ள அத்தைக்கு ஞானவேல் வணக்கம். நான் நலம். அந்தக் குளிர் உங்கள் உடம்புக்கு ஒத்துக்கொண்டதா என்று எழுதவும்.

விஷயத்துக்கு வருகிறேன். மீதி ஏழு நாள் பேத்துப்பாறையில் மழை பெய்ததா இல்லையா என்று நான் யாரைக் கேட்பது? அன்று உங்களை விட்டுவிட்டு அவசரமாக இறங்கி வந்துவிட்டேன். சொன்னது மனதில் நின்றிருக்காது. மறுபடி எழுதுகிறேன், இரண்டு முறை படிக்கவும்.

அங்கே ஓடையில் சின்ன அணை ஒன்று கட்டலாமா என்று எங்கள் இலாகா யோசிக்கிறது. ஜூலை முதல் அக்டோபர் முடிய இருபத்துநாலு அங்குலமாவது மழை பெய்தால் அணை உண்டு. குறைந்தால் கோப்பை மூடிவிடுவார்கள். அளக்க வைத்த சின்னச்சாமி உருளைக்கிழங்குக் காட்டுக்குக் கூலிக்குப் போய்விட்டான். எழுதப் படிக்கத் தெரிந்து, வேறு வேலையும் இல்லாத ஆள் நம் குடும்பத்தில் நீங்கள் ஒருவர்தான். அதனால்தான் அண்ணனிடம் கேட்டு, தீபாவளி வரைக்கும் என்று சொல்லி, ஆயக்குடியிலிருந்து அழைத்து வந்தேன்.

தினம் காலை எட்டரைக்கு, முன்னேயும் வேண்டாம் பின்னேயும் வேண்டாம், மழைமானியின் புனலைத் தூக்கி உள்ளே இருக்கும் புட்டியை எடுங்கள். தண்ணீரைக் கோடு போட்ட கண்ணாடிக் கிளாஸில் ஊற்றுங்கள். கிளாஸ் நிறைந்தால் ஐம்பது கோடு, அதாவது அரை அங்குலம். நிறைந்த கிளாஸ் எத்தனை என்று சீட்டின் முதல் கட்டத்தில் எழுதுங்கள். கடைசியில் நிறையாமல் நிற்பது எத்தனை கோடு என்று இரண்டாம் கட்டத்தில். நீங்களாக எதையும் சேர்க்க வேண்டாம், குறைக்க வேண்டாம்.

கேள்விகள்:
1. சீட்டு ஏன் வரவில்லை?
2. கடிகாரம் ஓடுகிறதா?
3. மழைமானியை ஆடு மாடு இடிக்கிறதா?
4. உங்களைத் திரும்பக் கொண்டுவந்து விட அண்ணனிடம் எந்தத் தேதி சொல்ல?

எண் போட்டுப் பதில் எழுதவும். உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.
ஞானவேல்

*

முருகன் துணை
பேத்துப்பாறை, ஆடி 7

மருமகன் ஞானவேலுக்கு அத்தை சிவபாக்கியம் ஆசீர்வாதம். நான் சுகம். நீ வேளைக்குச் சாப்பிடுறியா? வயித்துவலி நின்னுச்சா?

எண் போட்டே எழுதுறேன். 1. தபால்காரரு செவ்வாயும் சனியும்தான் இந்தப் பக்கம் வாறாரு. சீட்டெல்லாம் நாளு தவறாம எழுதி, பானைக்கு அடியில வச்சிருக்கேன். இதோட பதினாலு இருக்கு, எண்ணிக்க. 2. கடிகாரம் ஓடுது. 3. ஆடும் மாடும் இடிக்கல. பேரிக்கா மரத்துக் கெளைதான் மேல நின்னு சொட்டிக்கிட்டே இருந்துச்சு. மழை விட்டு ஒரு மணி நேரம் மரம் பெய்யுது. அதையும் சேத்து எழுதுனா அரசாங்கத்துக்குப் பொய் சொன்னதா ஆகாதா? வீட்டுக்காரி கித்தேரியம்மாகிட்ட கெளைய வெட்டச் சொன்னேன். "ஏசுவே, தண்ணிய அளக்க ஒரு ஆளு, அந்த ஆளுக்காக என் மரத்துல ஒரு கையா? நாங்க மழைய நனைஞ்சு பாத்துத்தான் சொல்லுவோம்"னு மூணு நாளு சண்டை. நாலாம் நாளு அவளே அருவாளோட வந்தா. இப்ப வானம் நேரா விழுது.

சின்னச்சாமி போனது நல்லதுடா. ஒரு மாசச் சீட்டையும் ஒரே நாள்ல டீக்கடையில உக்காந்து எழுதுனவனாம் அவன்.

ஒண்ணுதான் கஷ்டம். எட்டே முக்காலுக்கு என் சோலி முடிஞ்சுருது. அப்புறம் பொழுது முழுக்க அப்படியே கெடக்கு. ஆயக்குடியில வெள்ளனே நாலு மணிக்கு எந்திரிச்சா ராத்திரி படுக்குற வரைக்கும் யாராச்சும் கூப்பிட்டுக்கிட்டே இருப்பாக. இங்க ஒருத்தரும் கூப்பிடல. யாரோ கூப்புட்ட மாதிரி நானே எந்திரிச்சு எந்திரிச்சு வாசலுக்குப் போறேன். கையும் காலும் நிக்க மாட்டேங்குது.

குளிக்கையில எண்ணெய் தேய்ச்சுக்க.
அத்தை

*

பெரியகுளம்,
3-8-1957

அன்புள்ள அத்தைக்கு வணக்கம். நலம். சீட்டுகள் வந்தன. எண்ணினேன், சரி.

மரக்கிளை விஷயத்தில் நீங்கள் செய்தது சரி. மழைமானியை வைக்கும்போதே நான் பார்த்திருக்க வேண்டும். ஆனால் இனி எதையும் என்னைக் கேட்காமல் வெட்ட வேண்டாம்.

சீட்டுகளில் மங்கல வார்த்தைகள் நிறையக் காண்கிறேன். அது உங்கள் வழக்கம், நான் தலையிடவில்லை. எனக்கு எண் மட்டும் தெளிவாக இருந்தால் போதும். அதைத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

பொழுது போகவில்லை என்றால் படிக்க ஏதாவது அனுப்புகிறேன். எனக்கும் இங்கே இருப்புக் கொள்ளவில்லை. மூன்று வருஷம் பாலிடெக்னிக்கில் படித்தது கூடாரத்தில் உட்கார்ந்து சீட்டுக் கூட்டுவதற்கா? வடக்கே பெரிய பெரிய அணை எழும்புகிறது. என்னோடு படித்தவர்கள் அங்கே கான்கிரீட் போடுகிறார்கள். நான் இங்கே கோடு எண்ணுகிறேன்.

நாலாம் கேள்விக்குப் பதில் இல்லை. விட்டுப்போயிருக்கும். அடுத்த கடிதத்தில் எழுதவும்.
ஞானவேல்

*

முருகன் துணை
பேத்துப்பாறை, ஆவணி 10

மருமகன் ஞானவேலுக்கு ஆசீர்வாதம். சுகம். சளி பிடிச்சது, போயிருச்சு.

முருகன் துணைன்னு போடாம ஒரு சீட்டும் எழுத மாட்டேன். நீ தலையிடலேன்னு எழுதுனது நல்லது.

புஸ்தகம் வேணாம். எனக்கு இப்ப நேரம் இல்ல. சொல்றேன் கேளு. காலையில நான் அளக்கையில வேலி ஓரமா நாலு பேரு வந்து நிக்கிறாக. "எம்புட்டு மழைங்க?"ன்னு கேக்குறாக. தெனமும் வாயால சொல்லி மாளல. கதவுல சாக்பீஸால எழுதிப் போட்டுர்றேன். படிக்கத் தெரியாதவுகளுக்காக ஒரு கிளாஸுக்கு ஒரு கோடு நெடுக்க இழுக்குறேன். போன வாரம் பூண்டு ஊனலாமான்னு தங்கமுத்துன்னு ஒரு பொம்பள வந்து கேட்டா. எனக்கு என்னம்மா தெரியும்னேன். "முந்தாநாளு ரெண்டு கோடு, நேத்து ஒரு கோடு, மண்ணுல ஈரம் தாங்குமா, அத மட்டும் சொல்லுங்க"ன்னா. யோசிச்சு, ரெண்டு நாளு பொறுன்னேன். மூணாம் நாளு கொட்டுன மழையில முந்தி ஊனுன காடெல்லாம் அலசிக்கிட்டுப் போச்சு. அவ காடு தப்புச்சு. இப்ப எனக்கு ஊருக்குள்ள பேரு மழைக்காரம்மா.

இன்னொண்ணு. ஓடையில ஒரு மூங்கில் குச்சிய நட்டு வச்சிருக்கேன். விரக்கடைக்கு ஒரு வெட்டு. தண்ணி எந்த வெட்டு வரைக்கும் ஏறுதுன்னு தெனமும் பாத்து நோட்டுல எழுதுறேன். மழை எம்புட்டுன்னு எழுதிட்டு, அது எங்க போச்சுன்னு பாக்காம இருக்க முடியல. நீ கேக்கல, நானாத்தான். திட்டாத.

காப்பி நானே போட்டு நானே குடிக்கிறேன். சூடா.
அத்தை

*

பெரியகுளம்,
12-9-1957

அன்புள்ள அத்தைக்கு வணக்கம். நலம், நலமே கோருகிறேன்.

கதவில் எழுதுவது, குச்சி நடுவது இவையெல்லாம் இலாகா வேலை அல்ல. ஓடையின் ஓட்டத்தை அளக்க முறை இருக்கிறது, கருவி இருக்கிறது. வெட்டுப் போட்ட மூங்கிலை மேலதிகாரியிடம் காட்டினால் சிரிப்பார். பொழுதுபோக்கு என்றால் சரி. வழுக்கி விழுந்தால் தூக்க அங்கே ஆள் இல்லை, நினைவிருக்கட்டும்.

அண்ணன் எழுதியிருக்கிறான். அண்ணிக்கு மார்கழியில் மூன்றாவது பேறுகாலம். இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு சண்முகசுந்தரி அண்ணி திணறுகிறாளாம். "அத்தையை எப்போது அனுப்புகிறாய், அவங்க இல்லாமல் வீடு வீடாக இல்லை" என்று கேட்கிறான். நாக்கூசாமல் இன்னொன்றும் எழுதுகிறான்: "பெற்ற மாதிரி வளர்த்தவங்களை மலையில் தனியாக விட்டுவிட்டோம் என்று ஊர் பேசுகிறது." ஊர் பேசினால் எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் தீபாவளி வரை என்று அவனிடம் சொன்னவன் நான்.

உங்கள் இஷ்டம் என்ன என்று நான் கேட்கவில்லை. தேதிதான் கேட்கிறேன். மூன்றாவது முறையாகக் கேட்கிறேன்.
ஞானவேல்

*

முருகன் துணை
பேத்துப்பாறை, புரட்டாசி 20

ஞானவேலுக்கு அத்தை ஆசீர்வாதம். சுகம். சீட்டு பதினெட்டு இதோட.

சுந்தரிக்கு உடம்பு எப்படி இருக்கு? ரெண்டாவதுல கால் வீங்குச்சு. உப்பக் குறைக்கச் சொல்லு. அவ அம்மா பக்கத்துல வேடசந்தூர்லதான இருக்கா? திடமாத்தான இருக்கா?

மழை விடாமப் பெய்யுது. புனலுக்குள்ள ஒரு தவளை உக்காந்திருந்துச்சு. அது குடிச்சது எம்புட்டுன்னு எழுதணுமான்னு கித்தேரியம்மா கேட்டா. சிரிச்சுச் சிரிச்சு எனக்குப் பொரை ஏறிருச்சு. அவளும் புருசன் போன பின்ன பதினாலு வருசமாத் தனியாத்தான் கெடக்கா. ஞாயித்துக்கெழமை அவ பூசைக்குப் போனா, அவ கோழிய நான் பாக்குறேன். கிருத்திகைக்கு நான் வெரதம்னா அவ அடுப்புல கருவாடு வைக்கிறதில்ல. அம்புட்டுத்தான் எங்க ஒப்பந்தம்.

குச்சியில பதினோரு வெட்டு ஏறிருச்சு. நீ சிரிக்க மாட்டியேன்னு எழுதுறேன்.

வேற ஒண்ணும் இல்ல. வடக்க மாத்தல் கேட்டு எழுதிப் போட்டுருக்கியாமே? பெரியவன் சேனாதிபதி எழுதுனான். நீ எனக்கு எழுதல.
அத்தை

*

பெரியகுளம்,
4-11-1957

அன்புள்ள அத்தைக்கு வணக்கம்.

நாலு மாதமும் முடிந்தது. கூட்டிப் பார்த்தேன். நாள்வாரியாக எழுதிய பட்டியல் இத்துடன் இருக்கிறது. மொத்தம் பத்தொன்பது அங்குலம், முப்பத்தைந்து கோடு. வேண்டியது இருபத்துநாலு. போதாது. பேத்துப்பாறையில் அணை கட்ட நீர்வரத்து இல்லை, மழைமானியை எடுத்துவிடலாம் என்று அறிக்கை எழுதிவிட்டேன். நாளை தபாலில் போகிறது.

உங்கள் குற்றம் ஒன்றும் இல்லை. ஒரு நாள்கூடத் தவறாமல் எழுதியிருக்கிறீர்கள். இலாகா ஆட்களே இப்படிச் செய்வதில்லை. மழை குறைவு, அவ்வளவுதான்.

அண்ணனிடம் சொன்ன தீபாவளியும் போய்விட்டது. டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை அவன் வந்து உங்களை அழைத்துப்போவான். கண்ணாடிக் கிளாஸையும் புட்டியையும் வைக்கோல் சுற்றிக் கட்டி வைக்கவும். இனி நாலாம் கேள்விக்குப் பதில் தேவையில்லை.
ஞானவேல்

*

பெரியகுளம்,
18-11-1957

அன்புள்ள அத்தைக்கு,

பதினாலு நாளாகக் கடிதம் இல்லை. சீட்டு மட்டும் வருகிறது. நிறுத்தச் சொன்ன பிறகும் எதற்காக அளக்கிறீர்கள்? உடம்புக்கு ஒன்றும் இல்லையே? ஒரு வரி எழுதவும்.

என் மேல் கோபம் என்றால் அதையாவது எழுதவும்.
ஞானவேல்

*

முருகன் துணை
பேத்துப்பாறை, கார்த்திகை 8

மருமகன் ஞானவேலுக்கு அத்தை சிவபாக்கியம் எழுதுறது. சுகம். கோவம் இல்ல. வேலை இருந்துச்சு.

உன் பட்டியல் வந்த அன்னைக்கு எனக்கு ஒண்ணும் ஓடல. வாசலுக்கும் ஓடைக்குமா நடந்தேன். மழை குறைவுங்கிற. ஓடையில பதினாலு வெட்டு ஏறுனத நான் கண்ணால பாத்திருக்கேன். கித்தேரியம்மா சொன்னா, "ஏம்மா பாக்கியம், படிச்ச புள்ள கூட்டுனது தப்பா இருக்குமா? பொட்டியக் கட்டு"ன்னு. கட்டுனேன். கட்டுன பொட்டிய அவுத்தேன். கதவுல அழிக்கிறதுக்கு முந்தி தெனமும் நோட்டுல ஒரு நகல் எடுத்து வச்சிருக்கேன், அது உனக்குத் தெரியாது. உன் பட்டியலப் பக்கத்துல வச்சு, ஒவ்வொரு நாளா அவ வாசிக்க நான் பாத்தேன். அவளுக்குக் கண்ணு செத்த நேரந்தான் தாங்கும். அதான் இத்தன நாளு.

ஏலே, புரட்டாசி 3-ந் தேதி என் சீட்டுல மொதக் கட்டத்துல "லாபம்", ரெண்டாம் கட்டத்துல முப்பது. நீ வெறும் முப்பது போட்டுருக்க. ஐப்பசி 12, "லாபம்", மேல எட்டு. நீ எட்டு போட்டுருக்க. ரெண்டு, மூணுன்னு நான் எழுதுன நாளெல்லாம் சரியா இருக்கு. ஒரு கிளாஸ் நெறைஞ்ச நாளுல எல்லாம் அந்தக் கிளாஸக் காணோம். என்னடா செஞ்ச?

களத்துல கூலி நெல்லு அளக்கையில மொத மரக்காலுக்கு நான் என்ன சொல்லுவேன்? நீ பக்கத்துல சாக்குப் புடிச்சுக்கிட்டு நின்னவன்தான? லாபம், ரெண்டு, மூணு, நாலு. ஒண்ணுன்னு எவளாச்சும் வாயெடுப்பாளா? ஒண்ணுன்னு தொடங்குனா அந்த ஒண்ணோட நின்னுபோயிரும்னு உன் அப்பாரு சொல்லிக் கேட்டதில்லையா? நெல்லுக்குச் சொன்னத மழைக்குச் சொல்லக் கூடாதா? எனக்கு அது வித்தியாசமாவே தோணல. உனக்குத் தெரியாமப் போகும்னும் தோணல. பதினாறு வயசுல ஆஸ்டலுக்குப் போனவன், மறந்துட்ட.

இப்ப நாலாவது கேள்விக்குப் பதில். வரல.

சுந்தரி மேல வருத்தம் இல்ல, பெரியவன் மேலயும் இல்ல. இருபது வயசுல தாலிய இறக்கிட்டு உங்க வீட்டுக்கு வந்தேன். முப்பத்தஞ்சு வருசம் அந்தக் களத்துல அளந்தேன். யாருக்கு எம்புட்டுன்னு வேற ஆளு சொல்லும், நான் அளப்பேன். இங்க நான் சொல்றேன். அதக் கேட்டுட்டு வெதைக்கிறாக. வாசல்ல வந்து நின்னு கேக்குறாக, ஞானவேலு. உன் கண்ணாடிக் கிளாஸ எடுத்துட்டுப் போனா அரைப்படியில அளப்பேன்.

நீ செஞ்ச தப்ப யாரும் கண்டுபிடிக்கப் போறதில்ல. சொல்லாம விட்டாலும் நான் கேக்க மாட்டேன். மாத்தல் உத்தரவு வந்துருச்சா இல்லையான்னு மட்டும் எழுது.

சாப்பாட்டத் தள்ளிப் போடாத.
அத்தை

*

பெரியகுளம்,
27-11-1957, புதன், மாலை மணி 4-10.

அன்புள்ள அத்தைக்கு ஞானவேல் வணக்கம். வயிற்றுவலி இல்லை. நீங்கள் கேட்டும் இத்தனை நாள் பதில் எழுதாமல் இருந்தேன்.

உங்கள் கடிதம் பதினொரு மணிக்கு வந்தது. பெட்டியைத் திறந்து சீட்டுகளை எல்லாம் தரையில் பரப்பினேன். "லாபம்" என்று எழுதிய சீட்டு பதினேழு. பதினேழு நாள் நிறைந்த கிளாஸை நான் கீழே கொட்டியிருக்கிறேன். எட்டரை அங்குலம். சரியான மொத்தம் இருபத்தேழு அங்குலம், எண்பத்தைந்து கோடு. பேத்துப்பாறையில் மழை போதும்.

அந்தக் கட்டத்தில் எண் இல்லாமல் வார்த்தை இருந்ததைப் பார்க்காமல் இல்லை. பார்த்தேன். சாமி பெயர் மாதிரி ஏதோ எழுதுகிறீர்கள் என்று நினைத்துத் தாண்டிப் போனேன். என்ன என்று ஒரு வரி கேட்டிருக்கலாம். உங்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு ஒன்றும் இருக்காது என்று நினைத்திருக்கிறேன். அதுதான் பிழை, கூட்டல் அல்ல. சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றதும் இப்போது நினைவு வருகிறது. தூசியில் கண்ணை மூடிக்கொண்டு, உங்கள் குரலை வைத்துத்தான் சாக்கு நிறைகிறதா என்று தெரிந்துகொள்வேன்.

மாற்றல் உத்தரவு 20-ந் தேதி வந்துவிட்டது. டிசம்பர் 9-க்குள் வடக்கே போய்ச் சேர வேண்டும். கோப்பு முடிந்தால்தான் விடுவிப்பார்கள் என்பதால் அவசரமாக முடித்தேன். கூட்டலை இரண்டாம் முறை சரிபார்க்காததற்கும் காரணம் அதுதான். இதை உங்களுக்கு எழுதவில்லை. அண்ணனிடமும் பாதிதான் சொன்னேன்.

அறிக்கை போன பிறகு எண்ணை மாற்றினால், சொந்த அத்தைக்காக மாற்றுகிறான் என்பார்கள். அதற்கு உங்கள் குச்சி வேண்டும். ஓடை ஏறிய நாளும் லாபம் எழுதிய நாளும் ஒத்துப்போனால் வேறு சாட்சி தேவையில்லை. சிரிப்பார் என்று எழுதியதை அடித்துவிடவும்.

இனிச் செய்யப் போவது:

1. "அறிக்கை தவறு, தவறு என்னுடையது" என்று மேலதிகாரிக்குக் கடிதம். எழுதி ஒட்டியாகிவிட்டது. இதோடு தபாலில் போகிறது.
2. நாளை முதல் பஸ்ஸில் மதுரை. பதினேழு சீட்டையும் மேஜை மேல் வைத்து நேரில் சொல்வது. திட்டினால் கேட்டுக்கொள்வது.
3. கோப்பைத் திருத்தி முடிக்க மார்ச் வரை மாற்றலைத் தள்ளிவைக்கக் கேட்பது. ரத்தே செய்தால் செய்யட்டும்.
4. வெள்ளிக்கிழமை ஆயக்குடி. ஞாயிறு மலைக்கு வர வேண்டாம் என்று அண்ணனிடம் முகத்துக்கு நேரே சொல்வது. வேடசந்தூருக்கு நானே போய் அண்ணியின் தாயாரை அழைத்து வந்து விடுவது.
5. சனிக்கிழமை அடுக்கம் வழியாக நடந்தே மலையேறுவது. பஸ்ஸுக்குக் காத்திருக்க முடியாது. குச்சி நோட்டை வாங்கிக்கொள்வது. கித்தேரியம்மாளிடம் மரக்கிளைக்கு மன்னிப்புக் கேட்பது.
6. கடிதத்தில் நாலாம் கேள்வி என்று இனி எதுவும் கேட்காமல் இருப்பது.
7. ஞாயிறு காலை எட்டரை. நீங்கள் அளப்பது, நான் எழுதுவது. முதல் கிளாஸுக்கு உங்கள் வாயில் என்ன வருகிறதோ அதையே எழுதுவது.

ஞானவேல்